லயன் சிட்டி செய்லர்ஸ் என்ற சிங்கப்பூர்க் காற்பந்துக் கிளப்பின் வரலாறு என்ன? பணத்தை வைத்து வாங்கிய வெற்றிதானா அது?

கேள்வி கேட்டவர் சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன என்று தெரிகிறது. பீஷானில் வாடகைக்குக் குடியிருக்கிறார். ஆட்டம் நடக்கும் மாலைகளில் நீலச் சட்டை போட்ட கூட்டம் எம்ஆர்டி நிலையத்திலிருந்து விளையாட்டரங்கம் பக்கம் நடந்துபோவதைப் பார்த்திருக்கிறார். உடன் வேலை செய்பவர் ஒருவர், "அது ஷாப்பி முதலாளி காசு கொட்டி வாங்கின டீம், நேற்று முளைத்தது" என்று சொன்னாராம். (ஷாப்பி என்பது இணையத்தில் பொருள் விற்கும் தளம்.) அது சரியா என்று கேட்கிறார்.

காசு கொட்டியது உண்மை. நேற்று முளைத்தது என்பது உண்மை இல்லை. காசு இருந்ததால் மட்டுமே வெற்றி வந்தது என்பதும் உண்மை இல்லை. நான் தோ பாயோவில் வளர்ந்தவன், இந்தக் கிளப்பை அது வேறு பெயரில், வேறு நிறச் சட்டையில் ஆடிய நாளிலிருந்து பார்த்துவருபவன். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

இன்று செய்லர்ஸ் என்று அழைக்கப்படும் கிளப், போலீஸ் விளையாட்டுச் சங்கத்தின் காற்பந்துக் குழுவிலிருந்து வந்தது. இது ஏன் நடந்தது என்று புரிய 1994க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு டிசம்பரில் சிங்கப்பூர் அணி ஷா ஆலமில் மலேசியாவின் பாகாங் மாநிலக் குழுவை 4-0 என்று அடித்து மலேசியக் கிண்ணத்தைத் தூக்கியது. அப்பாஸ் சாத் மூன்று கோல் போட்டார். அந்தத் தலைமுறை ஆட்களிடம் இன்றைக்கும் காப்பிக்கடையில் உட்கார்ந்து பேச்சு கொடுத்தால் அந்த ஆட்டத்துக்குத்தான் போவார்கள். ஆனால் அடுத்த ஆண்டே, நுழைவுச்சீட்டு வசூலைப் பங்கு பிரிப்பதில் வந்த தகராறில், சிங்கப்பூர் மலேசியப் போட்டிகளை விட்டு விலகிவிட்டது. சொந்தமாக ஒரு தொழில்முறை லீக் வேண்டும் என்று 1996இல் எஸ் லீக் பிறந்தது. எட்டுக் குழுக்கள். அவற்றில் ஒன்று போலீஸ்.

மறு ஆண்டே அதன் பெயர் ஹோம் யுனைட்டெட் ஆனது. போலீஸ் மட்டும் இல்லாமல் குடிமைத் தற்காப்புப் படை போன்ற உள்துறை அமைச்சின் மற்றப் பிரிவுகளையும் சேர்த்துக்கொள்ளும் பெயர் அது. சிவப்புச் சட்டை. பின்னாளில் பீஷான் அரங்கமே வீடு. 1999இலும் 2003இலும் லீக் பட்டம் வென்றார்கள். சிங்கப்பூர்க் கிண்ணத்தை ஆறு முறை வென்றார்கள். 2004இல் ஆசியக் காற்பந்துச் சம்மேளனக் கிண்ணப் போட்டியில் அரையிறுதி வரை போனார்கள்.

நம்மவர்களுக்கு அந்தக் குழுவோடு தனி நெருக்கம் உண்டு. சண்முகம் சுப்பிரமணி என்ற தற்காப்பு ஆட்டக்காரர் பல ஆண்டுகள் ஹோம் யுனைட்டெட்டின் பின்களத்தில் சுவராக நின்றார். சிங்கப்பூருக்காக நூறு ஆட்டங்களுக்கு மேல் ஆடிய மிகச் சிலரில் ஒருவர். எங்கள் பெரியப்பா போலீஸ் வேலையில் இருந்தவர். சுப்பிரமணி பந்தை எடுத்தாலே போதும், "பார்ரா, பதறவே மாட்டான்" என்பார். சுப்பிரமணி கோல் போடுகிறவர் இல்லை, ஓடி ஓடி வித்தை காட்டுகிறவரும் இல்லை. எதிராளி எங்கே வருவான் என்று முன்கூட்டியே தெரிந்து அங்கே போய் நின்றுவிடுவார். ஒரு தற்காப்பு ஆட்டக்காரரை எப்படிப் பார்ப்பது என்று நான் கற்றுக்கொண்டது அவரிடம்தான்.

சரி, நடுவில் இருபது ஆண்டுகளில் என்ன ஆனது? எஸ் லீக் மெல்ல மெல்ல இளைத்தது. கிளப்புகள் மானியத்தையும், தங்கள் மன்றங்களில் இருந்த ஜாக்பாட் இயந்திரங்களின் வருமானத்தையும் நம்பி ஓடின. ஆட்டக்காரர்களுக்கு ஓராண்டு ஒப்பந்தம். வீட்டுக் கடன் வாங்கப் போனால் வங்கியில் என்ன காட்டுவது? திறமையுள்ள பையன்கள் வேறு வேலைக்குப் போனார்கள். 2012 முதல் 2015 வரை லயன்ஸ் 12 என்ற சிங்கப்பூர்க் குழு மறுபடி மலேசிய லீக்கில் ஆடியபோது ஜாலான் புசார் அரங்கம் நிரம்பி வழிந்தது. பயிற்றுவிப்பாளர் நம்முடைய சுந்தரமூர்த்தி. 2013இல் ஃபெல்டா யுனைட்டெட்டை 4-0 என்று வென்று மலேசிய சூப்பர் லீக் பட்டத்தையே கொண்டுவந்தார்கள். 2015இல் ஃபாண்டி அகமது தலைமையில் மலேசிய எஃப்ஏ கிண்ணமும் வந்தது. அந்த ஆண்டு முடிவிலேயே, சிங்கப்பூர், மலேசியக் காற்பந்துச் சங்கங்களுக்கு இடையிலிருந்த உடன்பாடு புதுப்பிக்கப்படாததால், குழு கலைக்கப்பட்டது. நான்கே ஆண்டுகள். கிண்ணம் வென்ற ஆண்டிலேயே ஒரு குழு இல்லாமல் போனதை நாங்கள் பார்த்தோம். அதனால்தான், இங்கே ஒரு கிளப்புக்கு நிலையான முதலாளி கிடைத்திருக்கிறார் என்று கேட்டால் எங்களுக்கு எரிச்சல் வருவதைவிட நிம்மதி முதலில் வருகிறது. வெளியிலிருந்து வந்தவர்களுக்கு இது புரிவது கடினம்.

2020 பிப்ரவரி 14. சீ நிறுவனம் ஹோம் யுனைட்டெட்டை ஏற்றுக்கொண்டதாக அறிவிப்பு வந்தது. கரீனா, ஷாப்பி இரண்டுக்கும் தாய் நிறுவனம் அது. அதன் நிறுவனர் ஃபாரஸ்ட் லீ கிளப்பின் தலைவரானார். சிங்கப்பூர் பிரிமியர் லீக் என்று பெயர் மாறியிருந்த எஸ் லீக்கில் தனியார் கைக்குப் போன முதல் கிளப் இதுதான். பெயர் லயன் சிட்டி செய்லர்ஸ் என்று மாறியது. சிவப்பு போய் நீலம் வந்தது. அதே 2020 பருவத்தில்தான், ஒன்பது முறை லீக் வென்ற வாரியர்ஸ் கிளப் பணப் பிரச்சினையால் ஆட முடியாமல் ஒதுங்கியது. ஆயுதப்படையின் குழுவாகத் தொடங்கிய கிளப் அது. ஒரே தொட்டிலில் வளர்ந்த இரண்டு சீருடைக் கிளப்புகளில் ஒன்றுக்கு முதலாளி கிடைத்தார், இன்னொன்று திடலை விட்டே போனது. செய்லர்ஸை "பணக்காரக் கிளப்" என்று திட்டுபவர்கள் இதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

பழைய ரசிகர்களுக்குப் பெயர் மாற்றம் பிடிக்கவில்லை. எனக்கும் முதலில் வலித்தது. இருபத்துச் சொச்சம் ஆண்டு கத்திய பெயரை ஒரே நாளில் எப்படி விடுவது? ஆனால் ஆட்கள் பலர் அப்படியே இருந்தார்கள். சோங் உய்-யோங்கை எடுத்துக்கொள்ளுங்கள். கொரியாவில் பிறந்து, 2012இல் பதின்ம வயதுப் பையனாக ஹோம் யுனைட்டெட்டின் இளையர் பிரிவுக்கு வந்தவர். இங்கேயே வளர்ந்து, முதல் குழுவுக்கு ஏறி, பெயர் மாறிய பிறகும் அதே கிளப்பில் ஆடி, 2021இல் சிங்கப்பூர்க் குடிமகனாகி, நாட்டுக்காகவும் ஆடினார். நடுவில் வெளிநாட்டுக்குப் போய் 2024இல் திரும்பி வந்தார். இரண்டு பெயரையும் இரண்டு நிறத்தையும் உடம்பில் சுமந்தவர் அவர். அவரைப் பார்த்துவிட்டு "புது டீம்" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

முதல் ஆண்டு பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. கோவிட் வந்து மார்ச்சில் லீக் நின்றது, அக்டோபரில் காலி அரங்கத்தில் மறுபடி தொடங்கியது, செய்லர்ஸ் மூன்றாம் இடம்.

2021 தொடக்கத்தில் போர்ச்சுகலின் ரியோ ஆவே கிளப்பிலிருந்து டியேகோ லோப்பஸ் என்ற பிரேசில் ஆட்டக்காரரை வாங்கினார்கள். ஏறக்குறைய 3 மில்லியன் வெள்ளி என்று செய்திகள் சொல்லின. அதுவரை எந்தச் சிங்கப்பூர்க் கிளப்பும் அப்படி ஒரு தொகையைக் கொடுத்ததில்லை. மலேசியக் கிளப்பான ஜோகூர் தாருல் தக்சிமிலிருந்து ஹாரிஸ் ஹாருன் வீடு திரும்பினார். பதினாறு வயதில் தேசியக் குழுவுக்கு ஆடியவர், லயன்ஸ் 12 பட்டம் வென்றபோது அந்தக் குழுவிலும் இருந்தவர். கோல்காப்புக்கு ஹசான் சனி. பருவத்தின் நடுவில் பயிற்றுவிப்பாளராக கிம் டோ-ஹூன் வந்தார். அதற்கு முந்திய ஆண்டுதான் கொரியாவின் உல்சான் குழுவோடு ஆசிய சாம்பியன்ஸ் லீக்கையே வென்ற மனிதர்! அவர் இந்தச் சின்ன லீக்குக்கு வருகிறார் என்றபோது நாங்கள் யாரும் முதலில் நம்பவில்லை.

லீக் கடைசி நாள் வரை இழுத்தது. ஜப்பானியக் கிளப் ஒன்றின் சிங்கப்பூர்க் குழுவான அல்பிரெக்ஸ் நிகாட்டாவும் செய்லர்ஸும் தோளோடு தோள். அக்டோபர் 10, பாலஸ்டியர் கால்சாவை 4-1 என்று வென்று பட்டத்தை எடுத்தார்கள். 2003க்குப் பிறகு அந்தக் கிளப்புக்கு வந்த முதல் லீக் பட்டம்.

இந்தப் பட்டத்தைப் பணத்தால் வாங்கியது என்று சொன்னால் நான் சண்டைக்கு வர மாட்டேன். அந்தக் குழுவின் சம்பளப் பட்டியலோடு மற்றக் கிளப்புகளை ஒப்பிடவே முடியாது. ஆனால் அடுத்த இரண்டு ஆண்டுகளைப் பாருங்கள். அதே பணம், அதே பெரிய பெயர்கள். 2022லும் 2023லும் லீக்கை வென்றது அல்பிரெக்ஸ். கிம் 2022இல் விலகினார். பணம் இருந்தும் இரண்டு ஆண்டு இரண்டாம் இடம்தான். 2023இல் செர்பியாவைச் சேர்ந்த அலெக்சாண்டர் ராங்கோவிச் பொறுப்பேற்று, ஆண்டுக் கடைசியில் சிங்கப்பூர்க் கிண்ணம் கைக்கு வந்தபோதுதான் கொஞ்சம் மூச்சு வந்தது.

இந்தக் கிளப்பைப் பற்றி என் எண்ணம் மாறியது உள்ளூர்ப் பட்டங்களால் இல்லை, ஆசியப் போட்டிகளால்தான். 2022 ஏப்ரலில் தாய்லாந்தின் புரிராமில் நடந்த பிரிவு ஆட்டங்களில் கொரியாவின் டேகு குழுவை 3-0 என்று வீழ்த்தினார்கள். அதே பயணத்தில் ஜப்பானின் உராவாவிடம் நன்றாக அடியும் வாங்கினார்கள், அதையும் மறைப்பதற்கில்லை. 2023 அக்டோபரில் ஜாலான் புசாரில் கொரியாவின் ஜியோன்புக். ஆசியாவின் வெற்றியாளர் பட்டத்தை இரண்டு முறை வென்ற கிளப். ரிச்சைரோ சிவ்கோவிச் இரண்டு கோல், 2-0. அந்த அரங்கம் 1929இல் திறந்தது. லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போய்விடலாம். நான் சிராங்கூன் சாலையில் சாப்பிட்டுவிட்டு அப்படியே நடந்து போனேன். பக்கத்து இருக்கையில் எழுபது வயதைத் தாண்டிய தமிழ்ப் பெரியவர் ஒருவர், தனியாக வந்திருந்தார். இரண்டாவது கோல் விழுந்ததும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, கொரியாக்காரனுங்களா இவனுங்க? உண்மையா சொல்லு."

"ஆமா ஐயா, போன தடவை லீக்ல இரண்டாவது வந்தவங்க."

"நான் மெர்டேக்கா கிண்ணம் எல்லாம் பாத்தவன். கொரியாவ ஜெயிக்கிறத இங்க உக்காந்து பாப்பேன்னு நெனக்கல." அதற்குப் பிறகு ஆட்டம் முடியும்வரை அவர் பேசவில்லை, கையையும் விடவில்லை.

பிறகு 2024-25 பருவம். மக்சிம் லெஸ்டியென், பார்ட் ராம்செலார், பெய்லி ரைட், லெனார்ட் தை என்று வலுவான வெளிநாட்டு ஆட்டக்காரர்கள். ஆசியாவின் இரண்டாம் நிலைக் கிளப் போட்டியான ஆசிய சாம்பியன்ஸ் லீக் 2இல் சீனாவின் செஜியாங், தாய்லாந்தின் போர்ட், இந்தோனேசியாவின் பெர்சிப் பாண்டுங் இருந்த பிரிவில் முதலிடம் பிடித்தார்கள்.

காலிறுதியில் ஜப்பானின் ஹிரோஷிமா. முதல் ஆட்டத்தில் அங்கே போய் 6-1 என்று தோற்றார்கள். பிறகு, ஹிரோஷிமா களமிறக்கிய வலேர் ஜெர்மேன் தடையில் இருந்தவர் என்று தெரியவந்தது. பழைய கிளப்பில் இருந்தபோது ஆசியப் போட்டியில் பெற்ற தடை அது, இன்னும் முடியவில்லை. முடிவை 3-0 என்று செய்லர்ஸுக்குச் சாதகமாக மாற்றினார்கள். இதைச் சொல்லிக் கேலி செய்பவர்கள் நிறைய. நான் கேட்பது இதுதான்: இரண்டாவது ஆட்டத்தில் அதே ஹிரோஷிமா இங்கே முழு வேகத்தில் வந்தபோது 1-1 என்று நிறுத்தியது யார்? அரையிறுதியில் ஆஸ்திரேலியாவின் சிட்னியை இங்கே 2-0 என்று வென்று, அங்கே போய் 1-0 என்று மட்டும் தோற்று உள்ளே போனது யார்? அதை எந்த அலுவலகத் தீர்ப்பும் கொடுக்கவில்லை.

2025 மே 18, இறுதியாட்டம், பீஷான். ஆசியக் கிளப் போட்டி ஒன்றின் இறுதிக்கு வந்த முதல் சிங்கப்பூர்க் கிளப். தேசிய விளையாட்டரங்கம் கிடைக்கவில்லை, அன்றைக்கு அங்கே லேடி காகாவின் இசை நிகழ்ச்சி. அதனால் ஆறாயிரத்துச் சொச்சம் பேர் உட்காரக்கூடிய பீஷானில் தற்காலிக இருக்கை வரிசைகளைக் கட்டி சுமார் பத்தாயிரம் பேருக்கு இடம் செய்தார்கள். காலாங்கிலுள்ள அந்தத் தேசிய அரங்கத்தில் ஐம்பதாயிரம் பேர் நடுவில் நடந்திருக்க வேண்டிய ஆட்டம் என்று பலர் வருத்தப்பட்டார்கள். எனக்கு அந்த வருத்தம் இல்லை. பீஷான்தான் இந்தக் கிளப் வளர்ந்த இடம். சுப்பிரமணி ஆடிய திடலிலேயே இறுதியாட்டம் நடப்பதுதான் முறை.

எதிரே ஐக்கிய அரபு சிற்றரசுகளின் ஷார்ஜா கிளப். பாதி நேரம் தாண்டியும் கோல் இல்லை. 74ஆவது நிமிடத்தில் ஃபிராஸ் பென் லார்பி போட்டு ஷார்ஜா முன்னே போனது. தொண்ணூறும் முடிந்தது. 91ஆவது நிமிடத்தில் லெஸ்டியென் சமன் செய்தார். தற்காலிக வரிசையின் தகரம் காலுக்குக் கீழே அதிர்ந்தது, முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கூடுதல் நேர ஆட்டம் என்று எல்லாரும் மனத்தளவில் தயாராகிவிட்டோம். 97ஆவது நிமிடத்தில் மார்க்குஸ் மெலோனி. 2-1. முடிந்தது. ஆறு நிமிட இடைவெளியில் இரண்டையும் பார்த்தோம். தோற்ற பிறகும் பலர் கிளம்பவில்லை. ஆட்டக்காரர்கள் திடலைச் சுற்றி வரும்வரை நின்று கைதட்டினோம். அதே பருவத்தில் லீக் பட்டமும் சிங்கப்பூர்க் கிண்ணமும் அவர்களுக்கே கிடைத்தன. ஆனால் என்னிடம் அந்தப் பருவத்தைப் பற்றி யார் கேட்டாலும் தோற்ற ஆட்டத்தைப் பற்றித்தான் முதலில் சொல்வேன்.

உங்கள் நண்பர் சொன்னதற்கு வருகிறேன். பணத்தால் என்ன வாங்கினார்கள் என்று பார்க்க வேண்டுமானால் லோப்பஸின் விலையைப் பார்க்காதீர்கள், மட்டார் சாலைக்குப் போய்ப் பாருங்கள். அங்கே சுமார் 10 மில்லியன் வெள்ளி செலவில் 2022இல் ஒரு பயிற்சி மையம் கட்டினார்கள். சிங்கப்பூரில் ஒரு கிளப் தனக்கென்றே கட்டிய முதல் மையம். அதற்கு முன்பு தொழில்முறை ஆட்டக்காரர்களே இன்றைக்கு எந்தத் திடல் கிடைக்கும் என்று பார்த்துப் பயிற்சி செய்த ஊர் இது. இப்போது சின்னப் பையன்களும் முதல் குழுவும் ஒரே வளாகத்தில். கிளப்புக்குப் பெண்கள் குழுவும் உண்டு, மகளிர் பிரிமியர் லீக்கில் தொடர்ந்து பட்டங்கள் வென்றிருக்கிறார்கள். அது தனியாக எழுத வேண்டிய கதை.

எனக்குக் கவலை தரும் விஷயங்களும் உண்டு. லீக்கின் சாதாரண ஆட்டங்களுக்கு வந்து பாருங்கள், பீஷானில் பாதி இருக்கைகள் காலியாகத்தான் இருக்கும். ஆசியப் போட்டி என்றால் வருகிற கூட்டம், அடுத்த வாரம் பாலஸ்டியரோடு ஆட்டம் என்றால் வருவதில்லை. இன்னொன்று, ஒரு கிளப் மட்டும் இவ்வளவு உயரம் போய் மற்றவை அப்படியே இருந்தால் லீக்குக்கு நல்லதா? தெம்பனிஸ் போன்ற கிளப்புகள் ஈடுகொடுக்கின்றன, ஆனால் எல்லாராலும் முடியவில்லை. 2025 ஏப்ரலில் ஃபாரஸ்ட் லீ சிங்கப்பூர்க் காற்பந்துச் சங்கத்துக்கே தலைவராகிவிட்டார். ஒரு கிளப்பை எழுப்பியவர் முழு லீக்கையும் எழுப்பட்டும் என்று மனதார விரும்புகிறேன். எல்லாக் கிளப்புக்கும் ஒரே கண்ணோடு நடக்கிறதா என்று ரசிகர்கள் பார்த்துக்கொண்டும் இருக்க வேண்டும்.

அப்புறம் தேசிய சேவை, அதாவது இளைஞர்கள் கட்டாயமாகச் செய்ய வேண்டிய ராணுவம், போலீஸ் போன்ற பணி. பதினெட்டு வயதில், ஒரு பையனின் ஆட்டம் முற்றுகிற நேரத்தில், இரண்டு ஆண்டு சேவைக்குப் போக வேண்டும். அது நம் கடமை, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த இரண்டு ஆண்டில் அவன் உடம்பையும் ஆட்டத்தையும் காப்பாற்றிக்கொடுக்க ஒரு கிளப்பால் முடியுமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முன்பு போலீஸும் ஆயுதப்படையும் சொந்தக் குழுக்கள் வைத்திருந்தபோது அதற்கு ஒரு வழி இருந்தது. இப்போது மட்டார் சாலையில்தான் அந்த வழியைக் கண்டுபிடிக்க வேண்டும்.

அதனால் நான் இந்தக் கிளப்பை அளக்கப் போவது அடுத்து எந்த வெளிநாட்டு நட்சத்திரத்தை வாங்குகிறார்கள் என்பதை வைத்து இல்லை. பத்து வயதில் மட்டார் சாலைக்கு வந்து, தேசிய சேவையை முடித்து, முதல் பதினொருவரில் நிற்கும் பையன்கள் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டிருப்பேன். நீங்கள் பீஷானிலேயே இருப்பதால் ஒன்று சொல்கிறேன். ஆசிய ஆட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். அடுத்த லீக் ஆட்டத்துக்கே வாருங்கள், நல்ல இருக்கை தாராளமாகக் கிடைக்கும். மழைக்கு ஒரு குடை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.